கவலைக் கோட்டுக்குச் சற்று மேலே

ராக்னி ஆல்மெஸ்தாத் 1974 மார்ச்சில் கடலோரச் சிற்றூரான சுண்டெவிக்கில் பிறந்தாள். தந்தை படகுப் பட்டறைத் தச்சர். தாய் மீன் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 ஆகஸ்டில் ஊர்ப் பள்ளியில் சேர்ந்து, 1990இல் கட்டாயக் கல்வியை முடித்தாள். அதற்கு மேல் படிக்கவில்லை. 1992 முதல், சுண்டெவிக்குக்கும் எதிர்க்கரையிலுள்ள ஒய்ராவுக்கும் இடையே கார்களை ஏற்றிச் செல்லும் ஃபெரியின் கேன்டீனில் பணி. 2003இல் ஸ்யூரை மணந்தாள். ஸ்யூர் சால்மன் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்ப்பவன்; தேவாலயப் பாடகர் குழுவின் கனத்த குரல் அவனுடையது. ஒரே மகள் இல்வா 2006 ஜனவரியில் பிறந்தாள். 2012இல் தாய் படித்த அதே பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தாள்.

இந்த வரிசையில் சேராத தேதி ஒன்று உண்டு: 1987ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தொடக்கப் பள்ளியில் எவருக்கும் மதிப்பெண் போடக்கூடாது என்பது அப்போதும் சட்டம், இப்போதும் சட்டம். ஆறு ஆண்டுகள் ராக்னியிடம் எல்லோரும் நல்லவிதமாகவே பேசினார்கள். நீ முயல்கிறாய், நீ அன்பானவள், நீ முன்னேறுகிறாய் என்றார்கள். எதுவும் பொய்யில்லை. பின்பு ஏழாம் வகுப்பில், மேல்நிலைப் பிரிவுக்குப் போன முதல் பருவ முடிவில், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மதிப்பீட்டுத் தாள் கையில் வந்தது. அக்காலத்து மதிப்பீடுகள் எண்கள் அல்ல, சொற்கள்: சிறிது நன்று, ஓரளவு நன்று, நன்று, மிக நன்று, சிறப்பு. தாய்மொழிக்கு நேரே 'ஓரளவு நன்று' என்றிருந்தது. கணக்குக்கும் அதுவே. அச்சொற்களைப் படித்து மகிழ்ந்தபடியேதான் அவள் வீட்டுக்குப் போனாள். அது கீழிருந்து இரண்டாவது படி என்பதை விளக்கிச் சொன்னவர் தந்தை. அவர் திட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டார். பதின்மூன்று வயதில், தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் தன்னைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று ராக்னிக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவளை விட்டு முழுதாக நீங்கவே இல்லை. உரக்க வாசிக்க வேண்டிய இடங்களை அதன்பிறகு அவள் தந்திரமாகத் தவிர்த்து வந்தாள்.

இல்வாவுக்கு இப்படி நேரக்கூடாது என்பது ஒன்றே பள்ளி விஷயத்தில் அவளுக்கிருந்த உறுதி.

இல்வாவின் வகுப்பாசிரியர் ஹெல்கே, ராக்னியுடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே அறையில் படித்தவன். 1987இல் அவனுக்குக் கிடைத்தது 'சிறப்பு'. பெருநகரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து ஊர் திரும்பி, இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள்போல் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை, ராக்னியும் சொன்னதில்லை.

ஆண்டுக்கு இருமுறை பெற்றோர் சந்திப்பு நடக்கும். பிள்ளையே தலைமை தாங்கித் தான் கற்றதைப் பெற்றோருக்குக் காட்டுவது அப்பள்ளியின் வழக்கம். ஒவ்வொரு முறையும் சந்திப்பு முடியும்போது ஹெல்கே சொல்லும் வாசகம் ஒன்றே: இல்வா நல்ல பாதையில் போய்க்கொண்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் ராக்னி தயக்கத்துடன் வாய்ப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். மனப்பாடத்தைவிடப் புரிதல் முக்கியம், இல்வாவிடம் நல்ல வழிமுறைகள் இருக்கின்றன என்று பதில் வந்தது. வழிமுறை இருந்தது உண்மைதான். ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டால், இல்வா ஒரு தாளெடுத்து, எட்டெட்டுப் புள்ளிகளாக ஏழு வரிசை அழகாக வைத்து, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவாள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவள், முதல் வரிசைப் புள்ளிகள் முடிவதற்குள் விடையை மனதுக்குள் சொல்லியிருப்பாள். ஆயினும் தானே 'ஓரளவு நன்று' வாங்கியவள், 'சிறப்பு' வாங்கியவனிடம் எதைச் சொல்வது?

வாசிப்பில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. வாரந்தோறும் ஒரு பக்கம் வீட்டுப்பாடமாக வரும். மும்முறை உரக்க வாசிக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்கொரு முறை தானாகவே அமைந்திருந்தது. முதல்முறை ஸ்யூர் வாசிப்பான். கரடி பேசினால் கரடிக் குரல், கிழவி பேசினால் கிழவிக் குரல். இரண்டாம்முறை இருவரும் சேர்ந்து. மூன்றாம்முறை இல்வா தனியாக. தந்தையின் ஏற்ற இறக்கங்கள் அத்தனையும் மகளின் வாயில் அப்படியே வரும். ராக்னி அந்நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டு, குழாய்ச் சத்தத்தின் நடுவே கேட்டுக்கொண்டிருப்பாள். அருகில் போய் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ஒரு வரியாவது தன்னையும் வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பழைய அச்சம்.

2016 பிப்ரவரிச் சந்திப்பில் இல்வா தானே தேர்ந்தெடுத்த பக்கத்தை எழுந்து நின்று வாசித்தாள். ஸ்யூரின் கண்கள் கலங்கின. நல்ல பாதையில் போகிறாள் என்றான் ஹெல்கே. அன்று இரவு ராக்னி நிம்மதியாக உறங்கினாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அந்த நிம்மதி கலைந்தது. சனிக்கிழமைகளில் இல்வா தாயுடன் ஃபெரிக்கு வருவாள். மேசை துடைப்பாள், ஸ்வேலே எனப்படும் தடித்த இனிப்பப்பத்துக்கு வெண்ணெய் தடவுவாள். கேன்டீன் சுவரிலுள்ள பலகையில் அன்றைய சாப்பாடு எழுதப்பட்டிருக்கும். சனிக்கிழமையென்றால் எப்போதும் மீன் சூப்புதான். அன்று மீன் வந்து சேராததால், ராக்னி காலையில் பலகையை அழித்துவிட்டு, இறைச்சி உருண்டையும் பட்டாணி மசியலும் என்று எழுதியிருந்தாள். முதியவர் ஒருவர் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு மேலே ஏறி வந்திருந்தார். பலகையை வாசித்துச் சொல்லும்படி இல்வாவிடம் கேட்டார். அவள் பலகைக்கருகே போய் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை நகர்த்தியபடி, தெளிவாக வாசித்தாள்: மீன் சூப், ரொட்டி, வெண்ணெய்.

முதியவர் கல்லாவுக்கு வந்து ஒரு மீன் சூப் கேட்டார். இன்று சூப் இல்லை என்றாள் ராக்னி.

"பொண்ணு இப்பத்தானே வாசிச்சுக் காட்டுனா" என்றார் அவர், குறையாக அல்ல, வியப்பாக.

ராக்னி பலகையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். இல்வாவின் விரல் இன்னும் பலகையில்தான் இருந்தது. முகத்தில் குழப்பமில்லை, பிடிபட்டுவிட்ட முகம் அது. அதைத்தான் ராக்னியால் தாங்க முடியவில்லை. அந்த முகத்தை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். தவறு தன்னுடையது, சூப் என்று பிள்ளையிடம் காலையில் தானே சொல்லிவிட்டேன் என்று முதியவரிடம் சமாளித்து, உருண்டைகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

திங்களன்று பள்ளி முடிந்தபின் ஹெல்கேயைப் போய்ப் பார்த்தாள். அவன் ஜன்னலோரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் சில நேரம் பதற்றத்தில் ஊகித்துவிடுவார்கள் என்றான். வகுப்பில் அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று ராக்னி நேராகவே கேட்டாள்.

"மத்த புள்ளைங்களோட ஒப்பிட்டு நான் சொல்ல மாட்டேன் ராக்னி. உனக்கே தெரியும்."

"மத்த புள்ளைங்க வேண்டாம். புத்தகத்தோட ஒப்பிட்டுச் சொல்லு. அவ பாக்காத ஒரு பக்கத்தைக் குடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

ஹெல்கே தண்ணீர்க் குவளையை ஜன்னலோரம் வைத்தான். பிறகு சரியென்றான்.

மறுநாள் பிற்பகல் ஃபெரி ஒய்ராவில் நின்றிருந்தபோது அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. அடுப்பில் ஸ்வேலே இருந்தது; ராக்னி அதை இறக்காமலேயே எடுத்தாள்.

"வாசிச்சா" என்றான். "படத்தைப் பாத்து ஒரு கதை சொன்னா. கதை நல்லாத்தான் இருந்துது. புத்தகத்துல இருந்தது வேற."

எழுத்துகள் தெரிகின்றன, சிறு சொற்களைக் கூட்டிவிடுகிறாள், நீண்ட சொல் வந்தால் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு தாவிவிடுகிறாள் என்று விளக்கினான். மூன்றாம் வகுப்பில் நாடு முழுவதும் நடக்கும் சோதனையைப் பற்றியும் தானாகவே சொன்னான். அச்சோதனையில் ஒரு கோடு உண்டு. கவலைக் கோடு என்று அதற்குப் பெயர். அதற்குக் கீழே வரும் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளி அழைத்துப் பேசும். மேலே வருபவர்களின் வீட்டுக்கு எதுவும் சொல்வதில்லை. இல்வா கோட்டுக்குச் சற்று மேலே இருந்தாள்.

"சற்றுன்னா?"

"ஒட்டினாப்ல."

"அதையும் நல்ல பாதைன்னுதான் சொன்ன."

"ஆமா" என்றான் ஹெல்கே. அவன் எதையும் மறைக்க முயலவில்லை. "கோட்டுக்கு மேல இருந்தா கவலைப்படக் கூடாதுன்னு நானும் நம்பிட்டேன். அவ்வளவு நல்லா வாசிப்பா, சந்திப்புக்கு வரும்போதெல்லாம்."

ஸ்வேலே கருகிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஸ்யூர் நாற்காலியில் அமர்ந்தவன் எழவில்லை. ஒவ்வொரு வாரமும் தான் முதலில் வாசித்ததை அவள் காதால் பிடித்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறாள் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு நெனச்சேன்" என்றான். ராக்னி அவனைக் குற்றம் சொல்லவில்லை. தான் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லையே என்று மட்டும் சொன்னாள். ஏன் உட்காரவில்லை என்பதைப் பதின்மூன்று ஆண்டு மணவாழ்வில் முதன்முறையாக அன்று கணவனிடம் விளக்கினாள்.

மே மாதத் தொடக்கத்தில் நான்காம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். தேசிய தினம் நெருங்குவதால், யார் கேக் சுடுவது, சாக்கு ஓட்டப் பந்தயத்துக்கு யார் பொறுப்பு என்பவையே பேசவேண்டியவை. காபியும் மேசைக்கு வந்துவிட்டது. கடைசியில் 'பிற' என்றொரு தலைப்பு எப்போதும் இருக்கும். அதில் எவரும் எதுவும் பேசுவதில்லை, மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. அன்று ராக்னி கை தூக்கினாள். மதிப்பெண் கேட்கவில்லை, சட்டம் அதை அனுமதிக்காது என்று தெரியும் என்றாள். ஒவ்வொரு பிள்ளையும் முன்பின் பார்த்திராத பக்கத்தை வாசிக்கிறதா, வாய்ப்பாடு தெரிகிறதா, கடிகாரம் பார்க்கத் தெரிகிறதா என்பதை ஒவ்வொரு பருவமும் அந்தந்த வீட்டுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்றாள். 'நல்ல பாதை' என்ற சொல் தனக்குப் போதாது என்றாள்.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தன் பிள்ளையைப் பிறர் பிள்ளையோடு நிறுத்திப் பார்ப்பது அங்கே பேசக்கூடாத விஷயம். ஊர்க்கோடியில் ஆடு வளர்க்கும் ஷெர்ஸ்திதான் அந்த இறுக்கத்தை உடைத்தாள்.

"என்ன ராக்னி, ஆட்டுக்குட்டிக்கு மாட்டற மாதிரி புள்ளைங்க காதுலயும் நம்பர் மாட்டச் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள்; சிரிக்க ஒரு வழி கிடைத்த நிம்மதி அதில் இருந்தது. ராக்னி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நீ எதுக்கு மாட்டற ஷெர்ஸ்தி? மலையில எது காணாமப் போச்சுன்னு தெரியறதுக்குத்தானே. என் பொண்ண நாலு வருஷமா காணோம். ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல."

பிறகு அவள் 1987ஐப் பற்றிச் சொன்னாள். நீளமாக இல்லை. 'ஓரளவு நன்று' என்பதைப் பாராட்டென்று நினைத்து வீடுவரை மகிழ்ச்சியாக நடந்ததைச் சொன்னாள். அன்று யாரும் தன்னிடம் பொய் சொல்லவில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான் என்றாள். அந்த வகுப்பில் உடன்படித்த ஹெல்கே சுவரோரம் நின்றிருந்தான். இவள் பேசி முடித்ததும், சட்டத்துக்கு உட்பட்டே இதைச் செய்யலாம், இலையுதிர் பருவத்திலிருந்து நானே செய்கிறேன் என்றான்.  கேக் பட்டியலில் விடுபட்ட பெயர் ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

வாகனங்கள் நிற்குமிடத்தில் ஷெர்ஸ்தி பின்னாலேயே வந்தாள். சாவியைத் துழாவுபவள்போல் குனிந்துகொண்டே பேசினாள்.

"எங்க பெரியவனுக்கும் மணி பாக்கத் தெரியாது. ஃபோன்ல எண்ணாப் பாத்துக்கறான். நானும் விட்டுட்டேன்."

ராக்னி அவள் கையைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

சிற்றூரில் எதுவும் ஓரிரவுக்கு மேல் அறைக்குள் தங்காது. மறுநாள் இல்வா பள்ளியிலிருந்து வந்து, காலணியைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட."

"ஆமா. சொல்லிட்டேன்."

"என்கிட்ட மொதல்ல கேட்டிருக்கணும்."

 கேட்டிருக்க வேண்டும் என்பது உண்மை. ஒருவருக்குத் தெரியாமலே அவரைப் பற்றிப் பிறருக்கெல்லாம் தெரிந்திருப்பது எப்படியிருக்கும் என்று உலகில் எவரையும்விட ராக்னிக்குத்தான் நன்றாகத் தெரியும். அதையே தன் கையால் செய்திருந்தாள். அந்தக் கோடை முழுவதும் இல்வா ஃபெரிக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் ராக்னி தனியாக மேசை துடைத்தாள்.

ஆகஸ்டில், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வாசிப்புப் பயிற்சி தரும் ஆசிரியை வாரம் இருமுறை வரத் தொடங்கினார். வீட்டுக்கு அவர் விதித்த கட்டளை ஒன்றுதான்: யாரும் முதலில் வாசிக்கக் கூடாது. மாலைகளில் இல்வா மேசையில் உட்கார்ந்து, நீண்ட சொற்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து, கற்களைப் புரட்டுவதுபோல் வாசிப்பாள். ஸ்யூர் எதிரே, இரு கைகளையும் முழங்கால்களுக்கிடையே வைத்து நெருக்கிக்கொண்டு, உதட்டை அசைக்காமல் உட்கார்ந்திருப்பான். பாடகர் குழுவில் ஊர் முழுதும் கேட்கும் குரலுக்கு அதைவிடக் கடினமான வேலை இருந்திருக்காது. ராக்னி குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். ஒருநாள் இல்வா நடுவில் களைத்துப்போய்ப் புத்தகத்தைத் தாயின் பக்கம் தள்ளினாள். அடுத்த பத்தியை ராக்னி வாசித்தாள். இரண்டு இடங்களில் தடுக்கினாள். இல்வா அவளைத் திரும்பிப் பார்த்தாள், வெகுநேரம். பின்பு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வாய்ப்பாடு பாத்திரம் கழுவும் நேரத்துக்கு வந்தது. ராக்னி கழுவுவாள், இல்வா துடைப்பாள். ஒரு தட்டுக்கு ஒரு கேள்வி. ஏழு எட்டுக்குப் புள்ளிகள் வைக்கத் தாளில்லை, கையில் ஈரத்துணி.

ஐந்தாம் வகுப்பின் இலையுதிர் பருவத்தில் தேசியத் தேர்வு நடந்தது. முடிவு மூன்று நிலைகளில் வரும், ஒன்று அடிநிலை. ராக்னி இம்முறை முதலில் மகளிடம் கேட்டாள்: என்ன வரும் என்று நினைக்கிறாய்? ஒன்று என்றாள் இல்வா. வாசிப்பில் ஒன்றுதான் வந்தது. மகள் அழவில்லை, இன்னும் நீண்ட சொற்களில் நேரம் போகிறது என்று காரணத்தையும் தானே சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் அந்தக் கேள்வி அவர்கள் வீட்டு வழக்கமாயிற்று. ஹெல்கே வாக்களித்தபடி பருவத்துக்கொருமுறை பார்க்காத பக்கத்தைக் கொடுத்தான், வந்ததைச் சொன்னான். சில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியது. சனிக்கிழமைகளில் இல்வா மீண்டும் ஃபெரிக்கு வந்தாள். பலகையில் எழுதும் வேலையை ராக்னி அவளிடம் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

2019 ஆகஸ்டில் இல்வா ஒய்ராவிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் போனாள். தினமும் காலையில் தாயின் ஃபெரியிலேயே பயணம். இப்போது பிள்ளைகள் ஓராண்டு முன்னதாகவே பள்ளியில் சேர்வதால் மேல்நிலை எட்டில்தான்; மதிப்பெண்கள் அங்கேதான் தொடங்கும். பழைய சொற்கள் போய், ஒன்று முதல் ஆறு வரை எண்கள் வந்துவிட்டன, ஆறே உச்சம், கீழே ஒரு படி புதிது; ராக்னி காலத்து 'ஓரளவு நன்று' இப்போது மூன்று. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளியன்று காலை, இறங்கும்போது, தாய்மொழியில் தனக்கு என்ன வரும் என்று எண்ணினாளோ அதைத் தாயிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஏன் அதற்கு மேல் வராது, வசந்த பருவத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சொன்னாள்.

பிற்பகல் ஃபெரியில் அவள் ஏறியபோது கேன்டீனில் கூட்டம். கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு ஸ்வேலே கேட்டாள்.

"காலையில நான் சொன்னதுதாம்மா. சத்தமாவே வாசி" என்றாள், தாளை நீட்டியபடி.

ராக்னி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாள். தாய்மொழி, எழுதுதல்: 3.